உதவி: புரோட்டான் என்எம்ஆரில் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) பீக் எல்லாம் அகலமாக வருகிறது, ஷிம் (காந்தப் புலத்தைச் சீராக்குவது) சரியாகவே இல்லை

கரைசல்22:
வணக்கம். நேற்று வரை நன்றாக இருந்தது. இன்று 400 மெகாஹெர்ட்ஸ் கருவியில் ஒரு பீக்கூடக் கூர்மையாக இல்லை. அடி பரந்து, ஒரு பக்கம் தோள் மாதிரி புடைத்து நிற்கிறது. தானியங்கி ஷிம் மூன்று முறை ஓட்டிவிட்டேன். லாக் அளவு (கரைப்பானின் டியூட்டீரியம் சிக்னல்) பாதிக்கு மேல் ஏறவில்லை. என் நேரம் இரவு 9 மணிக்கு முடிகிறது. காந்தத்திலேயே கோளாறா?

நிறமாலை:
எந்தக் கரைப்பான்? எத்தனை மில்லி? டிஎம்எஸ் (ஒப்பீட்டுக்குச் சேர்க்கும் சேர்மம்) பீக்கும் அகலமா, சேர்மத்தின் பீக் மட்டுமா? கடைசிக் கேள்விதான் முக்கியம்.

தாமிரவால்:
கடைசிப் படியில் காப்பர் போட்டீர்களா? காப்பர் 2+ துளி மிஞ்சினாலும் பீக் பரந்துவிடும். எனக்கு இரண்டு வாரம் போனது. சிலிக்காவில் ஒருமுறை வடிகட்டிப் பாருங்கள்.

பழையகாந்தம்:
கரைப்பான் பெயர்கூட எழுதாமல் உதவி கேட்டால் என்ன செய்வது? முதல் வாரப் பயிற்சியிலேயே இதெல்லாம் சொல்லித் தருவார்கள். ட்யூப்பை 20 ஹெர்ட்ஸில் சுழற்றுங்கள், சரியாகிவிடும்.

கரைசல்22:
மன்னிக்கவும் சார், அவசரத்தில் விட்டுவிட்டேன். டியூட்டீரியம் ஏறிய குளோரோபார்ம். டிஎம்எஸ்சும் அகலம்தான், 7.26 பிபிஎம்-இல் வரும் குளோரோபார்ம் பீக்கும் அப்படித்தான். காப்பர் போடவில்லை. அளவு எப்போதும் போலத்தான்.

நிறமாலை:
அப்படியானால் குறை சேர்மத்தில் இல்லை, புலத்தின் சீரில்தான். காப்பர் போன்ற காந்த அயனி என்றால் பீக் இருபுறமும் சமமாகப் பரக்கும், ஒரு பக்கம் மட்டும் தோள் வராது. "எப்போதும் போல" என்றால் எத்தனை மில்லி?

இழைச்சுழல்:
பழையகாந்தம் சார், சுழற்றினால் எக்ஸ், ஒய் திசைக் குறைகள்தான் சராசரியாகும். இசட் திசைக் குறை, அதாவது ட்யூப்பின் நீளவாக்கில் உள்ளது, அப்படியே இருக்கும். பக்கப் பட்டைகள் (சுழற்சியால் எழும் போலிப் பீக்குகள்) வேறு முளைக்கும்.

பழையகாந்தம்:
முப்பது வருடமாகச் சுழற்றித்தான் எடுக்கிறேன். பக்கப் பட்டை வந்தால் எக்ஸ், ஒய் ஷிம்மைத் திருத்த வேண்டும். சுழற்சியைக் குறை சொல்லக் கூடாது.

இழைச்சுழல்:
ஒற்றைப் பரிமாணத்தில் உங்கள் விருப்பம் சார். இரு பரிமாண சோதனையில் சுழற்றினால் டி1 இரைச்சல் கோடு கோடாக வந்து சிறிய குறுக்குப் பீக்குகளை மறைத்துவிடும். அதனால்தான் எங்கள் ஆய்வகத்தில் நிறுத்திவிட்டோம்.

தாமிரவால்:
இரண்டு பேரும் தனி இழை தொடங்குங்கள். இவருக்கு 9 மணிக்குள் விடை வேண்டும்.

கரைசல்22:
இப்போது அளந்தேன். 0.35 மில்லி. எப்போதும் போல என்று சொன்னது தவறு. சேர்மம் கொஞ்சம்தான் இருந்தது, நீர்த்துப்போகக் கூடாது என்று குறைத்தேன்.

நிறமாலை:
சரி, அதுதான். 5 மில்லிமீட்டர் ட்யூப்பில் 0.6 மில்லி ஊற்றினால் 4 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் நிற்கும். 0.35 என்றால் இரண்டரைதான். சிக்னலைப் பிடிக்கும் ப்ரோப் சுருள் பார்ப்பது ஏறக்குறைய 2 சென்டிமீட்டர். திரவமும் காற்றும் சேரும் இடம் சுருளை ஒட்டி வந்துவிட்டால், இரண்டின் காந்த ஏற்புத்திறனும் வேறு என்பதால் அங்கே புலம் வளைகிறது. ஷிம் சுருள்களால் அதை முழுதாக நேராக்க முடியாது. 0.6 ஆக்கி, உயர அளவியில் திரவத்தின் நடுவைச் சுருளின் நடுவோடு பொருத்துங்கள். நீர்ப்பதால் அதே தெளிவுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு ஸ்கேன் வேண்டும். அப்புறம் டிஎம்எஸ்சை விரித்துப் பாருங்கள்: இருபுறமும் 3.3 ஹெர்ட்ஸ் தள்ளி சிலிக்கான்-29 துணைப் பீக்குகள் தனியாகத் தெரிந்தால் ஷிம் நன்று.

இழைச்சுழல்:
கூட்டவே முடியாத அளவு குறைவென்றால் ஷிகெமி ட்யூப் (குறைந்த திரவத்துக்கான சிறப்பு ட்யூப்) உண்டு. கரைப்பானுக்கு ஏற்ற கண்ணாடியாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

பழையகாந்தம்:
அளவை முதலிலேயே எழுதியிருந்தால் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

கரைசல்22:
0.6 ஆக்கினேன். துணைப் பீக்குகள் தெரிகின்றன. 64 ஸ்கேன் ஓடிக்கொண்டிருக்கிறது. நன்றி நிறமாலை.