மறு: 'பிரிக்' ஆவதற்குத் தமிழ்: கல்லாதலா, கல்லாக்கமா?

> 'வன்பொருள் சேதம்' என்றே போட்டுவிடலாமே ஐயா, எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். பாகம் எதுவும் உடையாமல், உள்ளிருக்கும் மென்பொருள் கெட்டதால் மட்டும் சாதனம் செங்கல்போல உதவாமல் கிடப்பதைத்தானே 'பிரிக்' ஆனது என்கிறோம்? பழைய கொமடோர் பெட் கணினியில் 59458 என்ற நினைவக முகவரியில் 62 என்று எழுதினால் திரையில் எழுத்து வேகமாக விழும். பின்னால் வந்த மாடல்களில் உள்ளே சிப் மாறியது. அதே வரி மானிட்டரையே கெடுக்கக்கூடியதாயிற்று. அதைச் சேதம் என்று சொல்லுங்கள், சண்டைக்கு வரமாட்டேன்.

2003-இல் மாண்ட்ரேக் லினக்ஸ் 9.2 இயங்குதளம் வந்தபோது எல்ஜி சிடி டிரைவ்கள் சில செத்தன. அது வேறு கதை. இடைநினைவை (தரவைத் தற்காலிகமாகத் தேக்கும் இடம்) காலி செய்யச் சொல்லி கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) ஒரு கட்டளை அனுப்பியது. அதே கட்டளையை எல்ஜி தன் நிலைபொருளை, அதாவது சாதனத்துக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருளை, புதுப்பிக்க எடுத்து வைத்திருந்தது! மோட்டார் நன்றாக இருக்கிறது, லென்ஸ் நன்றாக இருக்கிறது, எதுவும் கருகவில்லை. தான் ஒரு சிடி டிரைவ் என்பதுதான் அதற்கு மறந்துபோயிற்று. இதற்குத்தான் சொல் வேண்டும்.

2016-இல் பேசப்பட்ட யூஇஎஃப்ஐ (கணினியை எழுப்பும் நிலைபொருள்) விவகாரமும் இந்த வகைதான். அந்த நிலைபொருளின் மாறிகளை (அது சேமித்து வைக்கும் அமைப்பு விவரங்களை) லினக்ஸ் சாதாரணக் கோப்புகள்போல அடுக்கிக் காட்டியது. கோப்பமைப்பின் வேரிலிருந்து எல்லாவற்றையும் அழித்தவர்கள் அவற்றையும் சேர்த்து அழித்தார்கள்; சில மடிக்கணினிகள் அதோடு எழவே இல்லை. பிறகு 4.5 கர்னலில் பூட்டு போட்டார்கள். கோப்பாகக் காட்டினால் யாராவது அழிக்கத்தானே செய்வார்கள்?

சர்வீஸ் கடையில் 'போன் டெட்' என்பார்கள். பேட்டரி போனாலும் அங்கே டெட்தான், அதனால் உதவாது.

> 'செங்கல்லாதல்' நேரடியாக இருக்கிறதே?

நம்மிடம் அகலிகை இருக்கும்போது செங்கல் சூளைக்கு ஏன் போக வேண்டும்? அவள் கல்லாய்க் கிடந்தாள், உயிர் போகவில்லை. சிப்பைக் கழற்றி, புரோகிராமர் என்ற கருவியில் வைத்து நிலைபொருளைத் திரும்ப எழுதினால் இதுவும் பல சமயம் எழுந்துவிடும். ஆனால் 'கல்லாதல்' என்று பெயர்ச்சொல்லாக எழுதினால் கண் அதைக் 'கல்லாமை' என்றே படிக்கிறது. கணினி படிக்காத பிள்ளையாகிவிடும். ஆகவே வினை கல்லாகு, கல்லாக்கு, பெயர் கல்லாக்கம். மீட்கும் வழி உள்ளே இன்னும் மிச்சமிருந்தால் அரைக்கல்.

மொழிபெயர்க்க வேண்டிய சரத்தில் (திரையில் வரும் வாக்கியத்தில்) வைத்துப் பார்த்தேன்: 'புதுப்பிக்கும்போது மின்சாரம் நின்றால் சாதனம் கல்லாகிவிடலாம்.' உறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் யாரும் மறுக்காவிட்டால் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.