வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் பெண்களை அனுப்புவதை நிறுத்த வேண்டுமா?

மூதூர் ஆசிரியை: சவூதியில் 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சீர்திருத்தம், வேறு முதலாளியிடம் மாறவும் முதலாளியின் அனுமதியின்றி நாடு திரும்பவும் வழி செய்தாலும், வீட்டுப் பணியாளர்களை அதில் சேர்க்கவில்லை. வயதை ஆறு ஆண்டு கூட்டி எடுத்த கடவுச்சீட்டில் 2005இல் அங்கே வீட்டுப் பணிப்பெண்ணாகச் சென்று, பராமரித்த குழந்தையைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட எங்கள் ஊர் ரிசானா நபீக்குக்கு 2013 ஜனவரியில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டதை மூதூர் இன்னும் மறக்கவில்லை. சட்டத்தின் காவல் இல்லாத வீட்டுக்குள் இனியும் நம் பெண்களை அனுப்பக் கூடாது.

கிண்ணியா சகோதரன்: டீச்சர், உங்கள் வேதனை எனக்கும் உண்டு; ஆனால் தடை போட்டால் பயணம் நிற்காது, விசிட் விசாவில் போவார்கள். இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் போனவருக்குப் பணியகத்தின் காப்புறுதி கிடைக்காது. நான் கட்டாரில் ஒன்பது ஆண்டு இருந்தேன். வேறு கம்பெனிக்கு மாற முதலாளி தர வேண்டிய என்ஓசி (ஆட்சேபனை இல்லை என்னும்) கடிதம் கேட்டு இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பியவன் நான். 2020இல் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. 2021 மார்ச் முதல் அங்கே மாத அடிப்படைச் சம்பளம் 1,000 ரியாலுக்குக் குறையக் கூடாது. தங்குமிடம் தராவிட்டால் 500, உணவு தராவிட்டால் 300 சேர்த்துத் தர வேண்டும். இது வீட்டுப் பணிப்பெண்ணுக்கும் பொருந்தும். சவூதியிடமும் இதையே கேட்க வேண்டும்.

மூதூர் ஆசிரியை: சட்டம் பொருந்துவது வேறு, அது வீட்டு வாசலைத் தாண்டுவது வேறு. முதலாளி கடவுச்சீட்டைப் பிடித்து வைப்பதைக் குவைத்தின் 2015ஆம் ஆண்டு வீட்டுப் பணியாளர் சட்டம் தடுக்கிறது. அதற்குப் பின்னர் அங்கே சென்ற என் தமக்கை, தன் கடவுச்சீட்டை மீண்டும் கண்டது விமான நிலையத்தில்தான். சம்பளம் தராத மாதங்களை அரிசிப் பை கிழித்த காகிதத்தில் பென்சிலால் கோடிட்டு, துணிக்குள் மடித்து வைத்திருந்தார். பதினொரு கோடுகள். கைபேசியும் இல்லாத அவர் யாரிடம் முறையிடுவது?

உப்புவெளி வாசகர்: புலம்பெயர் தொழிலாளர் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 1996இல் ஏற்றது. வளைகுடா நாடு எதுவும் ஏற்கவில்லை. ஆகவே அனுப்பும் நம் அரசே, கைபேசியும் கடவுச்சீட்டும் பெண்ணின் கையிலேயே இருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி, மீறும் வீட்டுக்கு மறுமுறை ஆள் அனுப்பாமல் மறுக்க வேண்டும்.

கிண்ணியா சகோதரன்: அதை நானும் ஏற்கிறேன். டீச்சர், அந்தக் காகிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். தமக்கை பதிந்து சென்றவர் என்றால் பணியகத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். நானும் கூட வருகிறேன்.

மூதூர் ஆசிரியை: பதிந்துதான் சென்றார். வாருங்கள், தம்பி. ஆனால் சவூதியின் சட்டத்தில் வீட்டுப் பணிப்பெண்ணுக்கு மற்றத் தொழிலாளர்களுக்குச் சமமான இடம் கிடைக்கும்வரை அனுப்பக் கூடாது என்பதில் நான் மாறவில்லை.