[கலைச்சொல்] 'ஓவர்டோஸ் சர்வெய்லன்ஸ்' – தமிழில் எப்படிச் சொல்வது?

செ., கொலம்பஸ், ஒகையோ:

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஓபியாய்டு (ஹெராயின், ஃபெண்டனில் போன்றவை) ஓவர்டோஸ் நிகழ்வுகளை, அதாவது அவை உடம்பு தாங்கும் அளவுக்கு மேல் ஏறிவிடும் நிகழ்வுகளை, ஊர் ஊராகக் கணக்கெடுக்க அமெரிக்க அரசு கொடுக்கும் நிதியைப் பற்றி ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தேன். தலைப்பையே தாண்ட முடியவில்லை. 'ஓவர்டோஸ் சர்வெய்லன்ஸ்' என்பதற்கு ஒரு நல்ல சொல் வேண்டும். சொல்லைத் தேடும் முன் பொருளைச் சொல்லிவிடுகிறேன்.

நிதி தருவது சிடிசி என்ற நோய்த் தடுப்பு மையம். 2019 செப்டம்பரில் 'ஓடி2ஏ' என்ற பெயரில் தொடங்கிய திட்டத்தை 2023 செப்டம்பரில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று மாநிலங்களுக்கானது. 49 மாநிலங்களும் வாஷிங்டன் டிசியும் அதில் உண்டு. மற்றொன்றில் மாநிலத்தை இடையில் வைக்காமல் நகர, கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) சுகாதாரத் துறைகளுக்கே பணம் நேராகப் போகிறது. அப்படிப் பெறுபவை 40. இரண்டும் ஐந்தாண்டுத் திட்டங்கள். முதல் ஆண்டுக்கு மட்டும் சுமார் 28 கோடி டாலர்.

இந்தப் பணத்தில் ஒரு பங்கு விவரம் திரட்டுவதற்குப் போகிறது. இறந்தவர்கள் பற்றிய விவரம் இறப்புச் சான்றிதழ், கரோனர் (சந்தேக மரணங்களை விசாரிப்பவர்) அறிக்கை, ரத்தப் பரிசோதனை முடிவு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். பரிசோதனை முடிவு வர வாரக்கணக்கில் ஆகும். அதனால்தான் நாடு தழுவிய தற்காலிகக் கணக்கே நான்கு மாதம் பின்தங்கி வருகிறது. பிழைத்தவர்கள் பற்றிய விவரம் மருத்துவமனை அவசரப் பிரிவிலிருந்து வருகிறது. இது சீக்கிரம் வந்துவிடும், ஆனால் ஆழம் குறைவு. இவை தவிர, ஆம்புலன்ஸ்காரர்களும் போலீஸும் சம்பவ இடத்திலிருந்தே குறிக்கும் 'ஓடிமேப்' என்ற வரைபடம் ஒன்று 2017 ஜனவரியிலிருந்து ஓடுகிறது. அது வேறு துறையின் ஏற்பாடு, பணமும் வேறு வழியில் வருகிறது. ஆனால் உள்ளூர் சுகாதாரத் துறையில் வேலை பார்ப்பவர்கள் இரண்டையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

என் கையில் இப்போது இருப்பவை: மிகைநுகர்வுக் கண்காணிப்பு, அளவுமீறல் கண்காணிப்பு, மருந்துமிகைக் கண்காணிப்பு. மூன்றிலும் எனக்குத் திருப்தி இல்லை. உங்கள் கருத்து என்ன?

பு., பாளையங்கோட்டை:

அன்புள்ள தம்பிக்கு,

இகத்தல் என்றால் கடத்தல், மீறுதல். 'வரம்பிகந்த' என்று பழைய நடையில் சொல்வதுண்டு. 'அளவிகப்பு' என்று வைத்துக்கொள்ளலாமே. சுருக்கமாக இருக்கிறது, வேர் தமிழ். 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்று நம் பாட்டிமார் சொன்னதும் இதைத்தானே. கண்காணிப்பு என்ற சொல்லுக்கு என்ன குறை என்று எனக்கு விளங்கவில்லை.

மரு. ரா., மதுரை:

வணக்கம். ஐயா சொன்ன பழமொழியிலிருந்தே தொடங்குகிறேன், கோபிக்க வேண்டாம். அளவு தெரிந்து, அதைத் தாண்டியவனுக்குத்தான் அந்தப் பழமொழி பொருந்தும். இப்போது அங்கே சாகிறவர்களில் பலருக்கு அளவே தெரியாது. வாங்கியது ஹெராயின் என்று நினைத்திருப்பார்கள், உள்ளே அதைவிடப் பல மடங்கு வீரியமான ஃபெண்டனில் இருக்கும். மருந்துக்கடை மாத்திரை போலவே அச்சடித்த கள்ள மாத்திரையாகவும் இருக்கும். ஒன்றில் கொஞ்சம், அடுத்ததில் அதிகம். ஆகவே மீறல், இகப்பு, நுகர்வு மூன்றையும் தள்ளிவிடலாம் என்பது என் கட்சி. மூன்றிலும் 'இவன் செய்தான்' என்ற குற்றச்சாட்டு இருக்கிறது.

சரி, மருத்துவக் குறியீட்டில் (நோய்க்கும் இறப்புக் காரணத்துக்கும் எண் கொடுக்கும் பட்டியல்) என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தால் அங்கே ஓவர்டோஸ் என்ற சொல்லே தலைப்பில் இல்லை. நஞ்சேற்றம் என்றுதான் இருக்கிறது. தற்செயலாக நேர்ந்த மருந்து நஞ்சேற்ற இறப்புகளுக்கு எக்ஸ்40 முதல் எக்ஸ்44 வரை. எந்தப் பொருள் என்று காட்ட டி40 வரிசை. அறிவியல்படி 'நஞ்சேற்றம்' சரிதான். ஆனால் நம் ஊரில் விஷம் என்று வந்தாலே தற்கொலை முயற்சி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

'மருந்துமிகை'யிலும் அதே வம்பு. எங்கள் அவசரப் பிரிவு வாசலில் ஆட்டோவை நிறுத்தி "மருந்து குடிச்சிட்டாங்க டாக்டர்" என்று ஓடிவந்தால் அது இருமல் மருந்து அல்ல, பூச்சிமருந்து. சேலைத் தலைப்பில் டப்பாவைச் சுற்றிக் கொண்டுவருவார்கள், எந்தக் கம்பெனி என்று நாங்கள் பார்ப்பதற்காக. இந்தப் பக்கத்து வாசகருக்கு 'மருந்துமிகை' என்றால் வயல்காட்டு நினைப்புதான் வரும்.

இன்னொன்று. சொல்லில் சாவு, மரணம் எதுவும் ஒட்டக் கூடாது. ஓபியாய்டு செய்வது மூச்சை அடக்குவது. கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கும், உதடு நீலம் பாயும், மூச்சு நிமிடத்துக்கு நாலைந்து என்று இறங்கும். அந்த நேரத்தில் நலோக்சோன் என்ற மாற்றுமருந்தைக் கொடுத்துவிட்டால் மீட்டுவிடலாம். 2023 மார்ச்சில் அதன் மூக்குத் தெளிப்பானை அங்கே சீட்டு இல்லாமலே விற்க அனுமதித்துவிட்டார்கள். ஆகவே பிழைத்தவர்களையும் எண்ணாத கணக்கு பாதிக் கணக்குகூட ஆகாது.

ச., டொராண்டோ:

வணக்கம் எல்லோருக்கும். நான் யாழ்ப்பாணம், இங்கே ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளர் வேலை.

முதலில் தம்பி செ.க்கு ஒரு சின்ன உதவி. கரோனர் என்பதை அப்படியே விடத் தேவையில்லை. இலங்கையில் 'திடீர் மரண விசாரணை அதிகாரி' என்று எல்லாப் பத்திரிகையும் எழுதும், பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும்.

கண்காணிப்பு என்ற சொல்லுக்கு என்ன குறை என்று பு. ஐயா கேட்டிருக்கிறார். எங்கள் சனத்துக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் நினைவில் வருவது சென்றி பொயின்ற்தான், ஆமிக்காரன் நிற்கும் காவலரண். யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறான், பெயர் எழுதுகிறான் என்று பொருள். ஒரு தாய் தன் பிள்ளை மூச்சுப் பேச்சில்லாமல் கிடக்கும்போது 911-க்கு அடிப்பதா வேண்டாமா என்று யோசிக்கிறாள். அவளுக்குக் கொடுக்கும் துண்டுப் பிரசுரத்தில் இந்தச் சொல்லைப் போட்டால் அவள் போனைக் கீழே வைத்துவிடுவாள். இது கற்பனைப் பயம் இல்லை. வரைபடத்தை ஆம்புலன்ஸும் போலீஸும் சேர்ந்து பார்ப்பதால், அதை வைத்து வழக்குப் போடுவார்களோ என்று அமெரிக்காவிலேயே பலர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஓவர்டோஸுக்கு எங்கள் வீடுகளில் 'கூடிப்போச்சு' என்றுதான் சொல்வோம். இன்சுலினும் கூடிப்போகும், பனடோலும் (பாரசிட்டமால்) கூடிப்போகும். யாரையும் குற்றம் சொல்லாத சொல். கலைச்சொல்லுக்கு உதவுமோ தெரியாது, ஆனால் வேர் அதில் இருக்கட்டும்.

இ., கோவை:

சர்வெய்லன்ஸுக்கு 'நிலவரம்' போதாதா? கொரோனா நேரத்தில் தினமும் சாயங்காலம் 'இன்றைய நிலவரம்' என்று மாவட்ட வாரியாகப் பார்த்தோமே. அதுவும் இதே வேலைதானே.

செ., கொலம்பஸ்:

இ. தம்பி ஒரு வரியில் முடித்துவிட்டார். நிலவரம் என்ற சொல்லில் காவலாளி இல்லை. விலை நிலவரம், வானிலை நிலவரம், அணை நீர் நிலவரம் எல்லாமே இன்று என்ன என்று தெரிந்து நாளைக்கு என்ன செய்வது என்று தீர்மானிக்கத்தான். இந்த நிதியின் நோக்கமும் அதுவே. 'கண்காணிப்பு' என்றால் பார்ப்பதோடு நின்றுவிடுகிறது.

இதைத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு ஒன்று உண்டு. மேற்கு வர்ஜீனியாவில் ஹன்டிங்டன் என்ற ஊர், கேபெல் கவுண்டி. எங்கள் மாநிலத்துக்கு ஆற்றுக்கு அக்கரைதான். 2016 ஆகஸ்ட் 15 அன்று பிற்பகல் 3 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடையில் அவசர எண்ணுக்கு ஓவர்டோஸ் அழைப்புகள் அடுத்தடுத்து வந்து குவிந்தன. இருபத்தைந்துக்கும் மேல் என்று செய்திகளில் வந்தது. பிறகு சுகாதாரத் துறையினர் ஒரு வரையறை வைத்துக்கொண்டு கோப்புகளைப் பார்த்தபோது, 53 மணி நேரத்தில் 20 ஓபியாய்டு நிகழ்வுகள் என்று வந்தது. பரிசோதனையில் கார்ஃபெண்டனில் தெரிந்தது. யானை போன்ற பெரிய விலங்குகளை மயக்கப் பயன்படுவது அது.

கவனியுங்கள், ஒரே சம்பவத்துக்கு இரண்டு எண்ணிக்கை. யாரும் பொய் சொல்லவில்லை. எதை ஒரு 'நிகழ்வு' என்று எண்ணுவது, எத்தனை மணி நேரத்தை ஒன்றாகக் கட்டுவது என்ற வரையறைதான் வித்தியாசம். நிதி இல்லாவிட்டால் இந்த வரையறையை வைத்துக்கொண்டு உட்கார்ந்து கோப்பு பார்க்க ஆளே இருக்காது. கவுண்டி சுகாதாரத் துறை என்றால் பெரிய அலுவலகம் என்று நினைத்துவிடாதீர்கள். பல இடங்களில் தடுப்பூசியும் உணவகச் சோதனையும் பார்க்கிற அதே சில பேர்தான் இதையும் பார்க்க வேண்டும். மரண விசாரணை அதிகாரி விஷயமும் அப்படித்தான். ச. அக்கா, அந்தச் சொல்லுக்கு நன்றி. அவர் இங்கே தேர்தலில் நின்று ஜெயித்து வருபவர். ஒகையோவில் அவர் மருத்துவராகவும் இருக்க வேண்டும். பக்கத்து இந்தியானாவில் அந்தக் கட்டாயம் இல்லை. பரிசோதனைக்கு அனுப்பக் காசில்லை என்றால் சான்றிதழில் 'போதைப்பொருள்' என்று பொதுவாக எழுதிவிடுவார்கள், எந்தப் பொருள் என்று தெரியாமலே போய்விடும்.

ஹன்டிங்டனில் அடுத்து நடந்ததையும் சொல்ல வேண்டும். 2017 டிசம்பரில் ஒரு சிறு குழு அமைத்தார்கள். ஆம்புலன்ஸ்காரர் ஒருவர், சிகிச்சை மையத்திலிருந்து ஒருவர், போலீஸ்காரர் ஒருவர், சில நாள் உள்ளூர்ப் பாதிரியார் ஒருவர். ஓவர்டோஸில் பிழைத்தவர் வீட்டுக் கதவை 72 மணி நேரத்துக்குள் போய்த் தட்டுவதுதான் வேலை. நேற்று யார், எங்கே என்ற நிலவரம் காலையில் மேசைக்கு வந்தால்தான் அந்தக் கதவைத் தட்ட முடியும். நான்கு மாதம் பின்தங்கிய கணக்கை வைத்துக்கொண்டு யார் வீட்டுக்குப் போவது?

போலீஸ் பற்றி ச. அக்கா சொன்னது சரி. ஓடிமேப்பில் பெயர் எழுதுவதில்லை. இடம், நேரம், பிழைத்தாரா இல்லையா, நலோக்சோன் எத்தனை முறை கொடுத்தார்கள், அவ்வளவுதான். ஆனால் இடத்தைக் குறித்தாலே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதை ஒரு தெருவில் குடியிருந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கட்டுரையில் இதை மூடி மறைக்க மாட்டேன். சொல் மென்மையாகிவிட்டதால் விஷயமும் மென்மையாகிவிட்டது என்று வாசகர் நினைக்கக் கூடாது.

அப்புறம், அந்த வரைபடத்தில் ஒரு வசதி. 24 மணி நேரத்தில் ஒரு கவுண்டியில் எண்ணிக்கை வழக்கமான அளவைத் தாண்டினால் மின்னஞ்சல் போகும், 'ஸ்பைக் அலர்ட்'. இதற்கு 'எகிறல் எச்சரிக்கை' என்று வைத்துவிட்டேன். விலை எகிறியது, காய்ச்சல் எகிறியது என்று தினமும் சொல்கிறோம். 'கூர்முனை' என்று அகராதி சொல்கிறபடி எழுதினால் யாருக்கும் காய்ச்சல் வராது, சிரிப்புதான் வரும்.

ஓவர்டோஸுக்கு 'அளவுமிகை' என்று முன்மொழிகிறேன். டாக்டர் பயந்த 'மருந்து' அதில் இல்லை, மீறியவன் என்று யாரும் இல்லை, சாவும் இல்லை. அக்காவின் 'கூடிப்போச்சு'வுக்கு எழுத்து வடிவம் மாதிரி இருக்கிறது. உயிர் போனால் 'அளவுமிகை இறப்பு', பிழைத்தால் 'பிழைத்த அளவுமிகை'. இரண்டும் சேர்ந்த நாள்கணக்கு 'அளவுமிகை நிலவரம்'. 2022-இல் அமெரிக்காவில் போதைப்பொருள் அளவுமிகை இறப்புகள் 1,07,941; அவற்றில் சுமார் நான்கில் மூன்று பங்கில் ஓபியாய்டு இருந்தது. 2024-இல் மொத்தம் சுமார் 80,000-ஆகக் குறைந்திருக்கிறது. இந்த வாக்கியங்களில் போட்டுப் பார்த்தேன், தடுக்காமல் ஓடுகிறது.

ஓபியாய்டு மட்டும் மிச்சம். டாக்டர்?

மரு. ரா., மதுரை:

அதை விட்டுவிடுங்கள் என்பேன். அபின் செடியிலிருந்து நேராக வருவது மார்ஃபீன், கோடீன். ஹெராயின் மார்ஃபீனிலிருந்து செய்வது. ஃபெண்டனிலுக்குச் செடியே தேவையில்லை, முழுக்க ஆய்வகச் சரக்கு. ஆனால் உடம்பில் அதே பூட்டில்தான் போய் உட்காரும். இத்தனையையும் சேர்த்துத்தான் ஓபியாய்டு. 'அபின்' என்று எழுதினால் ஃபெண்டனில் வெளியே போய்விடும், அதுதான் இப்போது அதிகம் கொல்வது. 'அபின்போலி' என்று ஒருவர் பழைய மடலில் எழுதியிருந்தார். கள்ள மாத்திரை உலவும் இடத்தில் 'போலி' என்று வைத்தால் குழப்பம் இரட்டிப்பாகும்.

அளவுமிகைக்கு என் ஓட்டு உண்டு. நோயாளிக் குறிப்பில்கூட எழுதலாம்.

ச., டொராண்டோ:

எனக்கும் சம்மதம். பிரசுரத்தில் முதல் முறை வரும்போது மட்டும் பக்கத்தில் 'ஓவர்டோஸ்' என்று தமிழெழுத்தில் போட்டுவிடுங்கள் தம்பி. ஆம்புலன்ஸ்காரனிடம் சொல்ல வேண்டிய சொல் அதுதான்.

பு., பாளையங்கோட்டை:

அளவிகப்பை விட்டுக்கொடுக்கிறேன், டாக்டர் சொன்ன காரணம் சரி. ஓபியாய்டை விட்டுக்கொடுக்க மாட்டேன். 'அபினினம்' என்று அடுத்த இழையில் கொண்டுவருவேன், இனம் என்றால் ஃபெண்டனிலும் அடங்கும்.

தம்பிக்கு ஒரு திருத்தம்: அளவுமிகை நிலவரம், அளவுமிகை இறப்பு என்பவற்றில் ஒற்று வேண்டாம். ஆனால் 'அளவுமிகைத் தரவு', 'அளவுமிகைக் கணக்கு' என்று வல்லினம் வரும் இடங்களில் போட வேண்டும். கட்டுரையை அச்சுக்கு அனுப்பும் முன் எனக்கு ஒரு தடவை காட்டுங்கள்.