குஞ்சுகளின் முதல் ஊட்டத்திற்குக் கலைச்சொல்: ‘முதலூட்டம்’, ‘தலைத்தீனி’

அன்புடையீர், வணக்கம்.

முட்டையிலிருந்து பொரித்த கோழிக்குஞ்சுக்கு முதன்முதலாகக் கிடைக்கும் ஊட்டத்தைக் குறிக்கத் ‘தொடக்கத் தீனி’ என்ற சொல் நம் கலைச்சொல் உரையாடலில் முன்மொழியப்பட்டுள்ளது. பல்லடம், நாமக்கல் வட்டாரப் பண்ணையாளர்களுக்கு அது இளங்குஞ்சுகளுக்கென்று கடையில் விற்கும் ஸ்டார்ட்டர் தீனி மூட்டையைத்தான் நினைவூட்டும் என்பதால், அதை ஏற்க எனக்குத் தயக்கம் உள்ளது.

குஞ்சுக்கு ஊட்டம் இரு வழிகளில் கிடைக்கிறது: வயிற்றுக்குள் இருக்கும் மஞ்சள் கரு ஒன்று, வாய்வழி உண்ணும் தீனி மற்றொன்று. அடைகாப்பின் 19, 20ஆம் நாட்களில் மஞ்சள் கரு அதன் பையோடு குஞ்சின் வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது; அதிலுள்ள கொழுப்பும் புரதமும் தாய்க்கோழி தந்த நோய் எதிர்ப்புப் பொருள்களும் பொரித்த பின் நான்கைந்து நாட்களில் பெரும்பாலும் உறிஞ்சப்பட்டுவிடும். அதை மட்டும் நம்பி, தடுப்பூசி போட்டு, பெட்டியில் அடைத்து, வண்டியேற்றி, இரண்டு நாள் வரை தீனியின்றி வைத்திருந்தால், குடலுறிஞ்சிகளின் (குடலின் உட்சுவரில் ஊட்டத்தை உறிஞ்சும் நுண்விரல்களின்) வளர்ச்சி பின்தங்கும். நெஞ்சுத் தசையும் குன்றும். வாய்வழித் தீனி விரைவில் கிடைத்த குஞ்சிலோ குடல் அசைவு தூண்டப்பட்டு, உள்ளிருக்கும் மஞ்சள் கருவும் விரைந்து பயன்படுகிறது. பொரிப்பகத்தார் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது. ஆகவே இரண்டையும் தழுவும் பொதுச்சொல்லாக ‘முதலூட்டம்’ என்பதையும், வயிற்றுக்குள் மீந்திருப்பதற்கு ‘எஞ்சுகரு’ என்பதையும், வாய்வழி முதலில் உண்பதற்குத் ‘தலைத்தீனி’ என்பதையும் முன்வைக்கிறேன்.

முதல் கன்று ஈன்றதைத் ‘தலையீத்து மாடு’ என்று நாள்தோறும் பேசுகிற கொங்கு நாட்டில் ‘தலைத்தீனி’க்கு விளக்கம் தேவைப்படாது. குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கும் புரூடருக்குள் தேங்காய் நார்த்தூள்மேல் செய்தித்தாளை விரித்து, மக்காச்சோளக் குருணையைத் தூவிக் குஞ்சுகளை இறக்கிவிடும் வேலைக்கு அது அப்படியே பொருந்தும். சில மணி நேரம் கழித்துக் குஞ்சைக் கையிலெடுத்துத் கழுத்தடியிலுள்ள தீனிப்பையை விரலால் தொட்டுப் பார்ப்பார்கள். கூழ் போல் மெத்தென்றிருந்தால் தீனியும் தண்ணீரும் சேர்ந்தே உள்ளே போயிருக்கின்றன, கெட்டியாக உருண்டிருந்தால் தண்ணீர் போதவில்லை. இந்தச் சோதனையைத் ‘தலைத்தீனிப் பார்வை’ எனலாம்.

உண்ட ஊட்டத்தை உடல் பயன்படுத்திக்கொள்வதற்கு முன்மொழியப்பட்ட ‘ஊட்டப் பயன்பாடு’ என்ற சொல்லில் எனக்கு மறுப்பில்லை. செரித்தல், உறிஞ்சுதல், உடலில் சேர்தல் மூன்றும் அதற்குள் அடங்கும்.

பொரிப்பதற்கு முன்பே முட்டைக்குள் ஊசி வழியாக ஊட்டம் செலுத்தும் முறைக்குக் ‘கருவூட்டம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். கால்நடை மருந்தகங்களில் மாடுகளைச் சினைப்படுத்துவதற்குச் ‘செயற்கைக் கருவூட்டல்’ என்ற சொல் வேரூன்றிவிட்டபடியால், அதைத் தவிர்த்து ‘முட்டையக ஊட்டம்’ என்று வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.