255 மீட்டர் பார் 4: டிரைவரா, ஹைப்ரிடா?

பதிவு 1
கோல்ஃபில் சின்ன பார் 4 (நான்கு அடிகளில் முடிக்க வேண்டிய குழி) என்றதும் கை தானாக டிரைவருக்குப் (அதிக தூரம் அடிக்கும் கிளப்) போகும். தூரத்தை அளக்கும் முன் ஓரத்தில் நட்ட குச்சியின் நிறத்தைப் பாருங்கள்: வெள்ளை என்றால் ஓபி (ஆட்ட எல்லைக்கு வெளியே), சிவப்பு என்றால் குளம் போன்ற தண்டனைப் பகுதி. பாதி முடிவு அதிலேயே இருக்கிறது.

பத்து முறை டிரைவர் அடிப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு முறை 3 அடிகளில் முடிகிறது, ஐந்து முறை 4, மூன்று முறை வெள்ளைக் குச்சிக்கு வெளியே போய் 6. கூட்டினால் 44, சராசரி 4.4. ஹைப்ரிடில் (டிரைவரை விடத் தூரம் குறைந்த, கட்டுப்படுத்த எளிதான கிளப்) 165 மீட்டர் அடித்து 90 மிச்சம் வைத்தால் இரண்டு 3, ஆறு 4, இரண்டு 5; சராசரி 4.0. வெளியே போன அந்த மூன்று பந்தும் சிவப்புக் குச்சிக்குள் விழுந்திருந்தால் 5-இல் முடிக்கலாம், டிரைவரின் சராசரி 4.1 ஆகிவிடும். ஓபி இருந்தால் ஹைப்ரிட், சந்தேகமே வேண்டாம்.

பதிவு 2
கணக்கு சரிதான் அண்ணே, ஆனால் சிவப்பும் எப்போதும் மலிவில்லை. ஒரு அடி தண்டனையோடு, பந்து எல்லையைக் கடைசியாகக் கடந்த இடத்திலிருந்து இரண்டு கிளப் நீளத்துக்குள்தான் பந்தைப் போட்டு ஆட வேண்டும். இடது பக்கம் முழுக்கக் குளம் என்று வையுங்கள். வலது கைக்காரர் தண்ணீர் மேலே தொடங்கி ஃபேடில் (வலப்பக்கம் வளையும் அடி) உள்ளே கொண்டுவர நினைக்கிறார், பந்து திரும்பவில்லை. அது எல்லையைக் கடந்தது டீயிலிருந்து (முதல் அடி அடிக்கும் இடம்) 40 மீட்டரில். மூன்றாவது அடிக்கு இன்னும் 215 மிச்சம்! ஃபேர்வே (நடுவிலுள்ள குட்டைப் புல் பாதை) மேலேயே பறந்து கடைசியில் இடப்பக்கம் வளைந்த பந்து 180-இல் கடந்திருக்கும், அங்கிருந்து 75தான். குளத்தின் மேல் பந்தைத் தொடங்கவே கூடாது.

பதிவு 3
நம்ம ஊர் மழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மதிய மழைக்குப் பிறகு பந்து உருளாது, விழுந்த இடத்திலேயே நிற்கும். 200 பறக்கும் டிரைவர் 55 மீட்டர் மிச்சம் வைக்கும். அது ஈர மணல் பங்கரிலோ கவ் கிராஸிலோ என்றால் 90 மீட்டர் முழு வெட்ஜ் (குறுகிய தூரத்துக்கான கிளப்) எவ்வளவோ மேல். கவ் கிராஸின் அகல இலை கிளப்பின் கழுத்தைப் பிடித்து முகத்தை இடப்பக்கம் மூடிவிடும். முகத்தைக் கொஞ்சம் திறந்து, பிடியை இறுக்கி, செங்குத்தாக இறக்குங்கள். பந்து சுழலாமல் ஓடும், ஆகவே கொடிக்கு முன்னாலேயே விழ விடுங்கள்.

பதிவு 4
லாஸ் ஏஞ்சல்ஸில் ரிவியேராவின் 10-ஆவது குழி 315 கெஜம்தான், தொழில்முறை ஆட்டக்காரர்களையே திணறடிக்கிறது. கிரீன் (கொடியும் குழியும் உள்ள புல்தரை) ஒடுக்கம், சாய்கோணத்தில் கிடக்கிறது, இரண்டு பக்கமும் பங்கர். ஃபேர்வேயின் இடப்பக்கத்திலிருந்து பார்த்தால் கிரீனின் நீளம் கிடைக்கும். வலப்பக்கம் போனால் பங்கரைத் தாண்டி ஒடுக்கமான அகலத்தில் நிறுத்த வேண்டும். அதனால் லே-அப் என்றால் வெறுமனே குறைத்து அடிப்பதில்லை, பக்கத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். கொடி பங்கருக்குப் பின்னால் ஒட்டி இருந்தால் முழு வெட்ஜ் தூரம் வையுங்கள். கொடி பின்னால், கிரீன் முன்பக்கம் திறப்பு, ஓபி இல்லை என்றால் டிரைவரைத் தாராளமாக எடுக்கலாம். ஸ்டேபிள்ஃபோர்டில் (குழிக்குக் குழி புள்ளி தரும் ஆட்டம்) இன்னும் துணியலாம், ஒரு குழியில் பூஜ்யத்துக்குக் கீழே போக வழியில்லை. மெடலில் (மொத்த அடிகளைக் கூட்டும் ஆட்டம்) ஒரு குழியில் 7 எடுத்தால் அதைக் கடைசிவரை சுமக்க வேண்டும்.