ஐவிஎஃப்: கரு மிஞ்சக் கூடாது என்று நினைக்கும் தம்பதி எத்தனை முட்டையைக் கருவூட்டச் சொல்லலாம்?

தேக்கா_வாசகி கேட்டது:

திருமண ஆயத்த வகுப்புகளில் அடிக்கடி எழும் கேள்வி இது. விந்தணுவும் முட்டையும் சேர்ந்த கணத்திலிருந்தே அது ஓர் உயிர், ஒரு பிள்ளை என்று நம்புகிறவர்கள் நம் சமூகத்தில் நிறைய. கோயிலுக்குப் போகிற குடும்பத்திலும் உண்டு, தேவாலயத்துக்குப் போகிற குடும்பத்திலும் உண்டு. குழந்தை தள்ளிப்போய், கடைசியில் ஐவிஎஃப் (முட்டையையும் விந்தணுவையும் ஆய்வகத்தில் சேர்த்துக் கரு உருவாக்கும் சிகிச்சை) செய்து, "எட்டுக் கரு உருவாகியிருக்கிறது, ஒன்றைக் கருப்பையில் வைப்போம், மற்றவை உறைநிலைக்குப் போகும்" என்று மருத்துவமனை சொல்லும்போதுதான் பலர் திடுக்கிடுகிறார்கள். அதற்குப் பிறகு மனசாட்சிக்கு ஒத்த வழி எதுவும் எளிதில் கிடைக்காது.

தொடக்கத்திலேயே என்ன கேட்க வேண்டும்? குறைவாகக் கருவூட்டச் சொன்னால் வாய்ப்பு எவ்வளவு குறையும்? இங்கே சிங்கப்பூரில் கிடைக்கும் அரசாங்க நிதியுதவி என்ன ஆகும்? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

ஆய்வகக்_குறிப்பு:

பெற்று வளர்க்கத் தயாராக இருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு மேல் ஒரு முட்டையையும் கருவூட்ட விடாதீர்கள். மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

வழக்கமான சிகிச்சைச் சுற்றில், முட்டைகளை வளரச் செய்யும் எஃப்எஸ்எச் ஹார்மோன் ஊசி எட்டு முதல் பன்னிரண்டு நாள் போடுவார்கள். பிறகு முட்டையை முதிரச் செய்யும் கடைசி ஊசி போட்டு 34 முதல் 36 மணி நேரத்தில் முட்டை எடுப்பார்கள். பத்து முட்டை கிடைத்தால் ஏறத்தாழ எட்டு முதிர்ந்திருக்கும். முதிர்ந்தவற்றில் பத்துக்கு ஏழு கருவுறும். கருவுற்றவற்றில் பாதி, அல்லது அதற்குச் சற்றுக் குறைவாக, ஐந்தாம் நாள் பிளாஸ்டோசிஸ்ட் நிலையை, அதாவது கருப்பையில் ஒட்டத் தயாராகும் நிலையை, எட்டும். ஆக, மூன்று முதிர்ந்த முட்டையை மட்டும் கருவூட்டினால் இரண்டு கருவுற்று, ஐந்தாம் நாளில் ஒன்று நிற்கும் என்பது சராசரிக் கணக்கு. இரண்டை மட்டும் கருவூட்டினால் கைக்கு ஒன்றும் வராமல் போகும் அபாயம் கூடுதல். மனைவிக்கு 38 வயதைத் தாண்டினால் இந்த விகிதங்களும் இறங்கும். அப்போது மூன்று என்பதே சிக்கனம்தான்.

சராசரி சராசரிதான், மறந்துவிடாதீர்கள். மூன்றுமே கருவாகி நிற்கலாம். மூன்றையும் அடுத்தடுத்துச் சுமக்கத் தயாரில்லை என்றால் மூன்றைக் கருவூட்டச் சொல்லாதீர்கள்.

மிச்ச முட்டைகளை என்ன செய்வது? முட்டையாகவே உறைய வைக்கலாம். முட்டை கரு அல்ல, அதனால் உங்கள் கேள்வி அங்கே எழாது. விட்ரிஃபிகேஷன் எனும் அதிவேக உறைமுறையில் உறைய வைத்து உருக்கினால் பத்துக்கு எட்டு ஒன்பது பிழைக்கும். ஆனால் உறைந்த முட்டைக்கு இக்ஸி முறைதான், அதாவது ஒரு விந்தணுவை ஊசியால் உள்ளே செலுத்துவது. முட்டையைச் சுற்றியுள்ள அணுக்களை நீக்கிவிட்டுத்தான் உறைய வைக்கிறார்கள், நீக்கினால்தான் முதிர்ந்ததா என்று கண்ணால் பார்க்கவும் முடியும். ஆகவே எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த விரும்புகிறவர்கள் முதல் நாளிலிருந்தே இக்ஸி கேட்பது நல்லது. விந்தோடு சேர்த்துத் தட்டில் விடும் பழைய முறையில் எது முதிர்ந்தது என்று தெரியாமலே மூன்றைப் பொறுக்க வேண்டிவரும்.

தவறு நடப்பது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். முட்டை எடுத்த அன்றே, சில மணி நேரத்தில் கருவூட்டிவிடுவார்கள். வேறு உத்தரவு இல்லாவிட்டால் எல்லா முதிர்ந்த முட்டையும் போய்விடும். மருத்துவரிடம் வாய்மொழியாகச் சொன்னது ஆய்வகத்துக்குப் போய்ச் சேராது. எழுத்தில் இருக்க வேண்டும்.

செபமாலை_இல்லம்:

மேலே எழுதியவர் நுட்பமாகச் சொல்லியிருக்கிறார், நன்றி. ஆனால் கத்தோலிக்கத் தம்பதிகள் ஒன்றைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும். 1987இலும் 2008இலும் வத்திக்கான் வெளியிட்ட அறிவுறுத்தல்களின்படி, கரு ஒன்றுகூட அழியாவிட்டாலும் ஐவிஎஃப் ஏற்கத்தக்கதல்ல. கருத்தரிப்பு கணவன் மனைவி உறவிலிருந்து பிரிக்கப்படுவதே காரணம். ஐவிஎஃப்புக்காக முட்டையை உறைய வைப்பதையும் 2008 ஆவணம் தனியாக மறுக்கிறது. "முட்டைதானே, கரு இல்லையே" என்ற சமாதானம் அங்கே செல்லாது.

அதனால் நம்மவர்கள் முதலில் காரணத்தைத் தேடிச் சரிசெய்வதில் முழுக் கவனம் செலுத்தலாம். தைராய்டு, புரோலாக்டின், ஏஎம்எச் (முட்டை இருப்பைக் காட்டும் ஹார்மோன்) இரத்தச் சோதனை, கருக்குழாய் அடைப்பு பார்க்கும் எக்ஸ்ரே, கணவரின் விந்துப் பரிசோதனை ஆகியவற்றை முதல் மாதத்திலேயே முடித்துவிடலாம். விந்து மாதிரியை எடுக்கும் முறையில் தயக்கம் இருந்தால், உறவின்போதே சேகரிக்கும் தனி உறை உண்டு. கடையில் விற்கும் சாதாரண லேட்டக்ஸ் உறை கூடாது, அது விந்தணுவைப் பாதிக்கும். மாதிரி ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும். வழியில் ஆடைக்குள் உடலோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஏர்கான் டாக்சியில் கையில் பிடித்துக்கொண்டு போனால் குளிர்ந்துவிடும்.

கருப்பைவாய்ச் சளியும் காலை உடல்சூடும் பார்த்து வளமான நாள்களைக் குறிக்கும் முறையை "அந்தக்காலப் பாடம்" என்று ஒதுக்கிவிடாதீர்கள். மூன்று மாதக் குறிப்பேடு கையில் இருந்தால், முட்டை வெளிவருகிறதா, அதற்குப் பிறகு மாதவிடாய் வரையிலான பிற்பாதி நாள்கள் மிகக் குறைவா என்பது மருத்துவருக்கே ஒரு பார்வையில் தெரியும்.

மன்சூர்_பிடோக்:

முஸ்லிம் சகோதரர்களுக்காகச் சுருக்கமாக. சுன்னி அறிஞர்களில் பெரும்பான்மையோர், செல்லுபடியான திருமணத்துக்குள் கணவனின் விந்தும் மனைவியின் முட்டையும் மட்டும் என்றால் ஐவிஎஃப்பை அனுமதிக்கிறார்கள். மூன்றாம் நபரின் விந்து, முட்டை, கருப்பை எதுவும் கூடாது. விவாகரத்துக்குப் பிறகோ கணவர் இறந்த பிறகோ உறைகருவைப் பயன்படுத்துவதும் கூடாது. ரூஹ் (ஆன்மா) ஊதப்படுவது 120ஆம் நாள் என்ற கருத்து பரவலாக இருந்தாலும், அதற்கு முன் கருவுக்கு மதிப்பே இல்லை என்று அதற்குப் பொருளல்ல. மிஞ்சும் கருவைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் முயிஸிடம் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) கேளுங்கள், பின்னால் அல்ல.

தேக்கா_வாசகி:

மூவருக்கும் நன்றி. இந்து சமயத்தில் இப்படி ஒரே குரலில் சொல்ல ஒரு பீடம் இல்லை. ஆனால் கருவை அழிப்பதைப் பெரும்பாவங்களில் வைத்தவை தர்ம நூல்கள். திருமந்திரத்தின் இரண்டாம் தந்திரத்தில் கர்ப்பக்கிரியை என்றே ஒரு பகுதி இருக்கிறது, உடல் உருவாகும்போதே இறைவன் உள்ளிருந்து காக்கிறான் என்று. நம்பிக்கைக்கு வேர் இல்லாமல் இல்லை.

செலவு பற்றியும், "எல்லாக் கருவையும் ஒரே தடவையில் வைத்துவிட்டால் என்ன" என்று கேட்பவர்களுக்கும் யாராவது பதில் சொல்லுங்கள்.

பொங்கோல்_தாதி:

அக்கா, இரண்டாவதை முதலில் சொல்கிறேன். அது ஆபத்து. இத்தாலியில் 2004இல் வந்த 40ஆம் எண் சட்டம் அப்படித்தான் சொன்னது: அதிகபட்சம் மூன்று கரு, மூன்றையும் ஒரே தடவையில் வைக்க வேண்டும், உறைய வைக்கக் கூடாது. 2009இல் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் அந்த மூன்று என்ற வரம்பை நீக்கியது. இளம் மனைவிக்கு மூன்று வைத்தால் மூன்றும் தங்கிவிடலாம். மூன்று பிள்ளைகள் கருவில் இருந்தால் பிரசவம் சராசரியாக 32 வாரத்திலேயே வந்துவிடும். அப்போது மருத்துவர் ஒன்றைக் குறைக்கலாமா என்று கேட்பார். ஒரு கருவை உறைய வைக்கக்கூட மனம் ஒப்பாதவர்கள், துடிக்கும் இதயத்தை நிறுத்தச் சம்மதமா என்ற கேள்வியின் முன் போய் நிற்பார்கள். ஆகவே உருவாக்கும் இடத்திலேயே குறையுங்கள், வைக்கும் இடத்தில் கூட்டாதீர்கள். ஒரு தடவைக்கு ஒன்று, மருத்துவர் ஏற்றால் அதிகபட்சம் இரண்டு.

ஜெர்மனியில் 1991 முதல் நடப்பிலுள்ள சட்டம் வேறு வழி பிடிக்கிறது. விந்தணு நுழைந்து 16 முதல் 18 மணி நேரத்தில் இரண்டு உட்கருக்கள் தனித்தனியாகத் தெரியும். அவை ஒன்றாகக் கலந்த பிறகுதான் அதைக் கரு என்கிறது அந்தச் சட்டம். அதற்கு முந்தைய நிலையில் அங்கே உறைய வைக்கிறார்கள். விந்தணு நுழைந்ததுமே உயிர் என்று நம்புகிறவர்களுக்கு இந்தக் கோடு உதவாது.

இப்போது பணம். இருவரும் சிங்கப்பூரர், சிகிச்சை தொடங்கும்போது மனைவிக்கு 40 ஆகவில்லை என்றால், அரசாங்க மருத்துவமனையில் செலவில் 75 விழுக்காடு வரை கிடைக்கும். முட்டை எடுப்பதிலிருந்து தொடங்கும் புதுச் சுற்றுக்கு உச்சவரம்பு 7,700 வெள்ளி, முன்பே உறைய வைத்த கருவை வைக்கும் உறைகருச் சுற்றுக்கு 2,200 வெள்ளி, இரண்டிலும் மும்மூன்று தடவை. மெடிசேவ் எனும் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுக்கக்கூடியது முதல் தடவை 6,000, இரண்டாம் தடவை 5,000, அடுத்தடுத்து 4,000 வெள்ளி, வாழ்நாள் வரம்பு 15,000. இதில் கவனிக்க வேண்டியது, குறைவாகக் கருவூட்டுகிறவர்கள் உறைகருச் சுற்று இல்லாமல் மூன்று புதுச் சுற்றையும் சீக்கிரம் செலவழித்துவிடுவார்கள். மிச்ச முட்டையை உறைய வைத்தால் அதற்கான கட்டணத்தையும் பிறகு உருக்கிக் கருவூட்டும் சுற்றையும் எந்தக் கணக்கில் போடுவார்கள் என்று நிதி ஆலோசகரிடம் எழுத்தில் கேளுங்கள். 2023 ஜூலை முதல் 21 முதல் 37 வயது வரை மருத்துவக் காரணமின்றியும் முட்டை உறைய வைக்கலாம், ஆனால் அந்த வகைக்கு மெடிசேவும் நிதியுதவியும் இல்லை.

குரோமோசோம் எண்ணிக்கை பார்க்கும் கருச்சோதனையை யாராவது பரிந்துரைத்தால் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: முடிவு மோசமாக வந்தால் அந்தக் கருவை வைப்போமா? "எப்படியும் வைப்போம்" என்றால் சோதனை வேண்டாம். கருவிலிருந்து அணுக்களைக் கிள்ளி எடுப்பதால் யாருக்கும் லாபமில்லை. 20 வார ஸ்கேனை மட்டும் தவிர்க்காதீர்கள். கலைக்க மாட்டோம் என்பவர்களுக்கு அது இன்னும் முக்கியம். இதயக் குறை முன்பே தெரிந்தால் எந்த மருத்துவமனையில் பெறுவது, பிறந்ததும் யார் தயாராக இருக்க வேண்டும் என்று திட்டமிடலாம்.

ஆய்வகக்_குறிப்பு:

தாதி சொன்னதோடு ஒன்று. படிவத்தில் "தரம் குறைந்த கரு" என்று ஒரு பகுதி வரும். வளர்ச்சி தானாக நின்றுபோன கருவும், மெதுவாக வளர்ந்தாலும் உயிரோடிருக்கும் கருவும் ஒன்றல்ல. இரண்டாவதை உறைய வைக்கத் தகுதியில்லை என்று ஒதுக்கக்கூடும். இதைத் தவிர்க்க விரும்புகிறவர்கள் மூன்றாம் நாளிலேயே வைக்கச் சொல்லலாம்.

கடிதம் இப்படி இருந்தால் போதும், ஆய்வகத்துக்காக ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: "முதிர்ந்த முட்டைகளில் மூன்றை மட்டும் இக்ஸி முறையில் கருவூட்டவும். மற்ற முதிர்ந்த முட்டைகளை முட்டையாகவே உறைய வைக்கவும். வளர்ச்சி நிற்காத எந்தக் கருவையும் எங்கள் இருவரின் கையெழுத்தின்றி அகற்றவோ ஆய்வுக்குக் கொடுக்கவோ கூடாது. கருவுறுதல் முடிவை மறுநாள் காலை தொலைபேசியில் தெரிவிக்கவும்." இருவரும் கையெழுத்திட்டு, ஊசி தொடங்கும் முன் ஒரு பிரதியை மருத்துவரிடமும் ஒரு பிரதியைக் கருவியலாளரிடமும் கொடுங்கள். முட்டை எடுக்கும் நாள் காலை, மயக்க மருந்துக்கு முன், "எத்தனை கருவூட்டப் போகிறீர்கள்?" என்று கணவர் ஒரு தடவை கேட்டு, "மூன்று" என்ற பதிலைக் காதால் கேட்டுக்கொள்ள வேண்டும்.