வங்கி மலிவாகக் கொடுத்தால் குழுக்கடன் வட்டி இறங்குமா?

திருவாரூர்வாசி:
எங்கள் தெரு அக்காமார் இரண்டு விதமாகக் கடன் வாங்குகிறார்கள். சுயஉதவிக் குழு வழியாக வங்கியில் வாங்கினால் ஊரக வாழ்வாதாரத் திட்டத்தில் 3 லட்சம் வரை 7 சதவீதம்தான். ஆனால் அது கைக்கு வருவதற்குள் அவசரம் முந்திக்கொள்கிறது, உடனே மைக்ரோ ஃபைனான்ஸ், அங்கே 24 சதவீதம். சித்தியின் கடன் அட்டையைப் பார்த்தேன். 40,000 ரூபாய் என்று எழுதியிருக்கிறது, கட்டணமும் காப்பீடும் பிடித்த பிறகு மீதிதான் கொடுத்திருக்கிறார்கள். அந்த நிறுவனமும் வங்கியில் வாங்கித்தானே கொடுக்கிறது? வங்கி அவர்களுக்கு வட்டியைக் குறைத்தால் சித்திக்கும் குறையாதா? அரசு ஏன் இதைச் செய்யவில்லை?

கணக்குப்பிள்ளை:
சின்ன மைக்ரோ ஃபைனான்ஸ் ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன், உள்ளதைச் சொல்கிறேன். நாங்கள் மக்களிடம் டெபாசிட் வாங்கக் கூடாது, அதனால் கிட்டத்தட்ட எல்லாமே கடன் வாங்கிய பணம். எங்களுக்கு அது 14 சதவீதத்துக்குக் கீழே கிடைப்பதில்லை. ரேட்டிங், அதாவது கடனைத் திருப்பிக் கட்டும் திறனுக்கான மதிப்பீடு, நன்றாக உள்ள பெரிய நிறுவனத்துக்கு இதைவிடக் குறைவாகக் கிடைக்கும். அப்புறம் ஒரு ஊழியர் பைக்கை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், பத்துப் பதினைந்து பெண்கள் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் ஒவ்வொரு அட்டையிலும் கையெழுத்துப் போட்டு டியூ வாங்கி வர வேண்டும். 5 லட்சம் கடனுக்கு ஆகிற அலைச்சல்தான் 30,000 கடனுக்கும். வராக்கடன் வேறு. பணம் 10 சதவீதத்துக்குக் கிடைத்தால் எங்களால் 20-க்குக் கொடுக்க முடியும்.

ஓய்வுபெற்ற வங்கியர்:
அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது தம்பி. 2021-இல் ஒன்றிய அரசு 7,500 கோடி ரூபாய்க்கு உத்தரவாதத் திட்டம் கொண்டுவந்தது. அதன்படி, மைக்ரோ ஃபைனான்ஸுக்கு வங்கி கொடுக்கும் கடன் வராமல் போனால் 75 சதவீதம் வரை அரசு ஏற்கும், பதிலுக்கு வங்கி தன் எம்.சி.எல்.ஆர் என்ற அடிப்படைக் கடன் வட்டி விகிதத்துக்கு மேல் 2 சதவீதத்துக்குள்தான் வட்டி வாங்க வேண்டும், அந்த நிறுவனமும் ரிசர்வ் வங்கி அப்போது வைத்திருந்த உச்ச வட்டியைவிட 2 சதவீதமாவது குறைத்துத்தான் 1.25 லட்சம் வரை கடன் தர வேண்டும் என்று இருந்தது. இந்தக் கடைசி நிபந்தனைதான் முக்கியம். அது இல்லாவிட்டால் குறைந்த வட்டியின் பலன் நடுவிலேயே நின்றுவிடும், சித்திவரை வராது.

2010-இல் ஆந்திராவில் நடந்ததை நான் மறக்கவில்லை. பணத்துக்குப் பஞ்சமே இல்லாமல் ஒரே வீட்டுக்கு நாலைந்து நிறுவனங்கள் கடன் கொடுத்தன, கெடுபிடி, தற்கொலைகள், அக்டோபரில் அவசரச் சட்டம், வசூல் அப்படியே நின்றது. அதன்பிறகுதான் நிறுவனம் பணம் வாங்கும் வட்டிக்கு மேல் இவ்வளவுதான் வைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி வரம்பு போட்டது, பெரிய நிறுவனங்களுக்கு 10, சின்ன நிறுவனங்களுக்கு 12 சதவீதம். அது இருந்தவரை நிறுவனத்துக்குப் பணம் மலிவாகக் கிடைத்தால் கடன் வாங்குபவரின் வட்டியும் இறங்கியாக வேண்டும். 2022 ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள், இப்போது வட்டியை நிறுவனத்தின் இயக்குநர் குழுவே தீர்மானிக்கிறது. எடுத்தது தவறு என்பதுதான் என் கருத்து.

கணக்குப்பிள்ளை:
சார், அதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த வரம்பு இருந்தபோது டவுனைச் சுற்றியே கடன் கொடுத்தார்கள், உள்ளே தள்ளியிருக்கும் ஊருக்குப் போனால் 12 சதவீதம் செலவுக்கே கட்டாது. எல்லாருக்கும் ஒரே வரம்பு வைப்பதைவிட, உத்தரவாதத்தோடு வரும் பணத்துக்கு மட்டும் நிபந்தனை வைக்கலாம். அதையும் சின்ன நிறுவனங்களுக்கு என்று தனியாக ஒதுக்க வேண்டும், இல்லாவிட்டால் பெரியவர்களே முழுவதையும் வாங்கிக்கொள்வார்கள்.

ஓய்வுபெற்ற வங்கியர்:
தனி ஒதுக்கீடு சரி, அதை ஏற்கிறேன். ஆனால் எந்த நிறுவனம் எவ்வளவுக்கு வாங்கி எவ்வளவுக்குக் கொடுக்கிறது என்பது கடன் அட்டையிலேயே வர வேண்டும்.

குழுச்செயலாளர்:
திருவாரூர்த் தம்பிக்கு ஒரு விஷயம். 2022 விதிப்படி மைக்ரோ ஃபைனான்ஸ் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது. குழுவுக்கு 7 சதவீதக் கடன் வந்ததும் சித்தி முதலில் அந்த 24 சதவீதக் கடனை மொத்தமாக அடைக்கட்டும். அசல் பாக்கி எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள், வாய்க்கணக்கு வேண்டாம். எங்கள் குழுவில் இரண்டு பேர் அப்படித்தான் முடித்தார்கள்.

திருவாரூர்வாசி:
நன்றி அக்கா, இது எங்களுக்குத் தெரியவே தெரியாது. இந்த வாரக் கூட்டத்தில் பாக்கியைக் கேட்கச் சொல்கிறேன்.